ஏரிக்கரைத் தோப்பின் ஈரப்பதம்

புனே
12-6-1983

அன்புள்ள பாகம்,

ஏழு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேசைமேல் போட்டுவிடுவாய் என்று தெரியும். எம்.எஸ்ஸி. பரீட்சை முடிவு வந்த உறையையே ஹாஸ்டலில் இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தவள் நீ. அதனால் அவசரமில்லாததுபோல எழுதப் பார்க்கிறேன். விஷயம் அவசரம்தான்.

1976இல் நீ எனக்கு எழுதியது நினைவிருக்கும். ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் தடவிய காகிதம் ஓசோன் பட்டால் நீலமாகும் அல்லவா, அதை உங்கள் ஊர் ஏரிக்கரைத் தைலமரத் தோப்பில் கட்டிப் பார்த்தாய். பஸ் நிலையத்தருகே கட்டியதைவிடத் தோப்பில் அதிகம் நீலமாகிறது, மரங்களே ஏதாவது செய்கின்றனவா என்று கேட்டிருந்தாய். நான் சிரித்தேன். “நிறம் மாறும் காகிதத்தை வைத்து வானத்தை அளக்க முடியாது, கொஞ்சம் ஈரம் போதும் அதை ஏமாற்ற” என்று ஒரே ஒரு வரி பதில் போட்டேன். அதற்குப்பின் உன்னிடமிருந்து கடிதமே இல்லை.

இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். வெயிலில் இலைகள் ஒருவித ஆவியை விடுகின்றன. லாரிப் புகையிலும், முதல் மழை நனைத்த மண்ணிலும், மின்னலிலும் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடு அதோடு சேர்ந்தால் தரையருகே ஓசோன் உருவாகிறது. வெகு உயரத்தில் இருந்து நம்மைக் காக்கிற அதே ஓசோன், கீழே இருந்தால் பயிரின் இலையையும் மனிதரின் நுரையீரலையும் அரிக்கிறது. பூமியின் சூட்டையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெளிநாட்டுக் காடுகளில் அளக்கிறார்கள். இவ்வளவு வெயில் காயும் நம் பக்கத்தில் அளந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது, உன்னைத் தவிர.

நீ நிறுத்தவில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. கீழ்பென்னாத்தூரில் எங்கள் கடலைக்கொல்லையிலும் உன் காகிதம் தொங்குகிறது என்று சடையண்ணன் எழுதியிருக்கிறார். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

உன் அளவுகளை எனக்கு அனுப்புவாயா? ஈரப்பதமும் குறித்திருந்தால் அதையும் அனுப்பு. ஈரக் காற்றில் காகிதம் கூடுதலாக நீலமாகும். அந்தக் கூடுதலைக் கழித்துக்காட்ட இப்போது ஒரு வரைபடம் வந்திருக்கிறது.

அன்று சிரித்தது தப்பு. இதைச் சொல்ல ஏழு வருடம் ஆகியிருக்க வேண்டாம்.

ரேணு

*

திருவண்ணாமலை
28-6-1983

ரேணுகாம்பாளுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று நாள் கழித்துப் பிரித்தேன்.

“மரங்களே ஏதாவது செய்கின்றனவா” என்று நான் கேட்டதாக எழுதியிருக்கிறாய். நான் கேட்கவில்லை. செய்கின்றன என்று எழுதியிருந்தேன். நகல் என்னிடம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பேசுவதால் ஒன்று நிரூபணமாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று எல்லோரும் பேசாதது அதைப் பொய்யாக்கவில்லை என்பதுபோல.

மூன்று இடங்களில் காகிதம் தொங்குகிறது. எங்கள் கல்லூரி மாடியிலும் செங்கம் சாலை ஏரிக்கரைத் தோப்பிலும் தினமும், உங்கள் கொல்லையில் வாரம் இரண்டு நாள். வெயிலும் மழையும் படாமல் கவிழ்த்த பால்டின்னுக்குள் கட்டுகிறேன். எட்டு மணி நேரம் கழித்து காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நீலத்தைப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பிடுகிறேன். தோப்பு ஏழு, கல்லூரி நான்கு, உங்கள் கொல்லை ஐந்து. இது சராசரி.

தோப்பில் கொஞ்சம் தொந்தரவு உண்டு. அங்கே சருகு பொறுக்க வரும் பச்சையம்மாள் ஒருநாள் என்னை நிறுத்தி, “இந்தக் காகிதம் கட்டுனா கொயந்த பொறக்குமாங்க? எங்க மருமவளுக்குக் கேக்கறேன்” என்றாள். இல்லை என்றேன். “அப்ப நீங்க எதுக்குங்க தெனமும் கட்டுறீங்க?” என்றாள். நம்பவில்லை. அடுத்த வாரம் என் டின்னைச் சுற்றி மஞ்சள் கயிறு பதினொன்று தொங்கியது. கோயிலில் பூஜை முடித்து வந்த என் அண்ணா உமாமகேஸ்வரனுக்குச் செய்தி எட்டிவிட்டது. “குருக்காத்துப் பொண்ணு அரசமரத்தை விட்டுட்டு தைலமரத்துல சாமி கண்டுபிடிச்சுட்டான்னு ஊரே பேசிக்கறதுடி” என்று மன்னியிடம் சொல்லிச் சிரித்தார்.

போன ஆண்டு அவர் புளியோதரை கட்டி வந்த செய்தித்தாளில் உன் படம் இருந்தது. ஏதோ விருது. எண்ணெய் உன் நெற்றியில் ஊறியிருந்தது. படித்துவிட்டுத்தான் எறிந்தேன்.

நிற அளவுகள் அடங்கிய எட்டு நோட்டுகளைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். ஈரப்பதம் அளக்கவில்லை. அதற்குக் கருவி இல்லை.

பாகம்பிரியாள்

*

புனே
21-8-1983

அன்புள்ள பாகம்,

நோட்டுகள் வந்தன. ஒரு நாள் விடாமல் குறித்திருக்கிறாய். எங்கள் கூடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வருடம் இப்படிக் குறித்ததில்லை. எண்களைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியவில்லை. அதோடு வேறொன்றும் வந்தது, அதை எழுதிவிடுகிறேன்.

ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்புகள் எழுதியிருக்கிறாய். “சடையன் மகள் சடங்கு, காகிதம் தாமதம்.” “கொல்லையில் மழை, உள்ளே உட்கார்ந்தேன், களி.” எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க யோசித்த குருக்கள் வீட்டுப் பெண், எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து களி சாப்பிட்டிருக்கிறாய். அண்ணன் மகள் சடங்கு நடந்ததே எனக்கு ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டையில்தான் தெரியும்.

1980 அக்டோபரில் அம்மாவின் கடைசி வாரம். “கிழவிக்கு மூச்சு வாங்குகிறது, என்னைக் கேட்டாள்” என்று எழுதியிருக்கிறாய். காரியத்துக்கு வந்தபோது அண்ணி சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. “அத்த கடசியா ‘ஐயரு வூட்டுப் பொண்ணு வந்துச்சா’ன்னுதான் கேட்டாங்க” என்றார். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்தேன். உன் நோட்டைப் படித்துத்தான் அது நீ என்று தெரிந்தது. என் அம்மா கடைசியாகக் கேட்ட பெயர் என்னுடையதில்லை, பாகம். இதை உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

ஈரப்பதம் ஒரு வருடத்துக்காவது இருக்காதா? எங்காவது பழைய தாளில் எழுதி வைத்திருக்கிறாயா, தேடிப் பார். இல்லாவிட்டால் வேலூர் வானிலை நிலையத்தின் கணக்கை மூன்று இடத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்வேன்.

ரேணு

*

திருவண்ணாமலை
6-9-1983

ரேணுகாம்பாளுக்கு,

உன் அம்மா என்னைக் கேட்டது நான் செவ்வாயும் வெள்ளியும் அங்கே போனதால். கிழமை தவறினால் யாரையும் கேட்பார். பால்காரனையும் கேட்டிருப்பார். நீ காரியத்துக்கு வந்திருந்த இரண்டு நாளும் நான் உங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. காகிதத்தைச் சடையனே மாற்றினார்.

நீ கேட்காததையும் சொல்கிறேன். வாரம் இரண்டு நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து நான் கேட்டது உன் பேச்சு. “எம்பொண்ணு ஏரோப்பிளான்ல போச்சு”, “எம்பொண்ணுக்கு சர்க்கார் ஜீப்பு குடுத்துகீது.” களியைத் தட்டில் போடும்போதும் அதுதான். 1961இல் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது, என் மதிப்பெண் உன்னுடையதைவிட ஒன்பது கூட, என் அப்பா கை கால் விழுந்து படுத்ததால் நான் ஊருக்கு வந்தேன், அதனால் அந்த இடம் உனக்கு வந்தது. இதை நான் உன் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆமாம் ஆமாம் என்று சாப்பிட்டேன்.

ஈரப்பதத் தாள் எதுவும் கிடைக்கவில்லை. வேலூர்க் கணக்கு ஏரிக்கரைக்குப் பொருந்துமா என்பதை நீ யோசித்திருப்பாய். நீதானே படித்தவள்.

பாகம்பிரியாள்

*

புனே
3-1-1984

பாகம்,

கணக்கு முடிந்தது. உட்கார்ந்துகொண்டு படி. வேலூர் ஈரப்பதத்தைக் கழித்த பிறகும் தோப்பில் ஓசோன் ஊரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எட்டு வருடமும் அப்படியே. ஒரு சிறு தோப்பு இவ்வளவு செய்யும் என்று எங்கள் இயக்குநர் நம்பவில்லை. நோட்டுகளைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 22ஆம் தேதி பெங்களூரில் மாநாடு. கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. மேலே இருக்கும் பெயர்களைப் பார். முதலில் நீ. இரண்டாவது நான். “கல்லூரி விரிவுரையாளர் பெயர் முதலில் வருவது வழக்கமில்லை” என்றார் இயக்குநர். அளந்தவர் அவர்தான் என்றேன். 1961 மதிப்பெண் கணக்கு எனக்கும் தெரியும், பாகம். நான் ஒருநாளும் மறந்ததில்லை.

ஏரிக்கரைகளில் இன்னும் தைலமரம் நடலாமா என்று யோசிப்பதால் வேலூர் கலெக்டர் அலுவலகத்திலிருந்தும் ஒரு பிரதி கேட்டிருக்கிறார்கள். அதையும் அனுப்பப் போகிறேன். மேடையில் நீ பேசுகிறாயா? ரயில் டிக்கெட் அனுப்பட்டுமா?

ரேணு

*

திருவண்ணாமலை
12-1-1984
(பதிவுத் தபால்)

ரேணு,

பெங்களூரில் அதைப் படிக்காதே. வேலூருக்கும் அனுப்பாதே. இத்துடன் வரும் ஏழு நோட்டுகளை முதலில் பார்.

உன் கடிதம் வந்த மறுநாள் சடையன் கல்லூரிக்கே வந்துவிட்டார். ஆசிரியர் அறை வாசலில் நின்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். “டீச்சர், ரேணு லெட்டர் போட்டுக்குது. உங்க பேருதான் மொதல்லயாம், அது பேரு பின்னாடியாம். எங்க வூட்டுப் பொண்ணு ஒருத்தருக்கு வுட்டுக்குடுத்து நான் பாத்ததே இல்லீங்க.” உடன் வேலை பார்க்கும் சந்திரகலா கை தட்டினாள். நான் சிரிக்க முயன்றேன்.

ஈரப்பதம் அளக்கவில்லை என்று உனக்கு எழுதியது பொய். 1977 ஜனவரி 14 முதல் மூன்று இடங்களிலும் அளந்திருக்கிறேன். இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. இரண்டும் காட்டும் வித்தியாசத்திலிருந்து ஈரப்பதம். கருவியை வாங்கியதே நீ எழுதிய அந்த ஒரு வரிக்காக. ஈரம் ஏமாற்றவில்லை என்று காட்டிவிட்டு உனக்கு எழுதுவதாக இருந்தேன்.

1981இல் சென்னை நூலகத்தில் நீ சொல்லும் அந்த வரைபடத்தைப் பார்த்துக் கையால் வரைந்துகொண்டு வந்தேன். கழித்துப் பார்த்தேன். ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் தோப்பின் ஏழு, கல்லூரியின் நான்கோடு வந்து நின்றது. நான் ஐந்து வருடம் மரத்தின் வேலை என்று நினைத்தது ஏரியின் ஈரம். நீ 1976இல் எழுதியது சரி. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஏரி வறண்டு கிடக்கும். அப்போது மூன்று இடத்திலும் ஈரம் ஏறக்குறைய ஒன்றே. அந்த இரண்டு மாதங்களில் மட்டும் தோப்பில் மிஞ்சுவது உண்மையான ஓசோன், அதுவும் எல்லா நாளும் இல்லை. ரைஸ்மில் புகை சாயும் பக்கத்தை வைத்துக் காற்றுத் திசையைக் குறித்திருக்கிறேன். காற்று ஊர்ப் பக்கமிருந்து, பஸ் லாரிப் புகையோடு வந்த நாட்களில் தோப்பில் ஊரைவிட அதிகம். மலைப் பக்கமிருந்து வந்த நாட்களில் ஊரைவிடக் குறைவு. புகை வந்தால் மரம் ஓசோனைக் கூட்டுகிறது, புகை இல்லாவிட்டால் குறைக்கிறது. மரத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது, மரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடவும் முடியாது. இத்தனை வருடத்தில் நான் கண்டது இது ஒன்றுதான். ஏழாவது நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. இதை உனக்குத் தரக்கூடாது என்றுதான் ஈரப்பதம் இல்லை என்று எழுதினேன்.

அதற்கு மேலும் நினைத்தேன். என் பெயரை விட்டுவிட்டு நீ உன் பெயரில் படிப்பாய் என்று நிச்சயமாக நம்பினேன். மேடையில் நீ நிற்கும்போது யாராவது எழுந்து “ஈரம் உங்கள் காகிதத்தை ஏமாற்றவில்லையா?” என்று கேட்க வேண்டும் என்று விரும்பினேன். ஆறு மாதம் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வகுப்பு எடுக்கும்போதுகூட.

நீ என் பெயரை விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நல்லவளாகிவிட்டதால் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பொய்க் கணக்கின் தலையில் என் பெயரைப் பார்த்தேன், கை கூசியது.

பாகம்

*

புனே
4-3-1984

திருமதி அல்லாத, முனைவர் அல்லாத, செல்வி பாகம்பிரியாள் அவர்களுக்கு,

இப்படித் தொடங்கிக் குத்த வேண்டும் என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். குத்தியாகிவிட்டது. இனி விஷயம்.

பார்சல் ஜனவரி 19ஆம் தேதி வந்தது. அன்றே பெங்களூருக்குத் தந்தி கொடுத்தேன். சுருக்கங்களின் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. ஐந்து வாரம் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டேன். 22ஆம் தேதி மேடையேறி, “புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எங்கள் முடிவு தவறு” என்று தொடங்கினேன். கூட்டத்தில் ஒருவர், “ஈரப்பதக் கணக்கு இவ்வளவு நாள் எங்கே இருந்தது அம்மா?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். தாமதமாகக் கிடைத்தது என்றேன். இருபது வருடத்தில் எனக்கு அப்படி முகம் சுட்டதில்லை. நீ ஆறு மாதம் ஆசைப்பட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. நேரில் பார்க்க நீ இல்லை, அவ்வளவுதான்.

வேலூருக்கு எதையும் அனுப்பவில்லை.

காற்றுத் திசை விஷயத்தைச் சொன்னபோது சிரித்தவர்களே நோட்டெடுத்தார்கள். முழுக் கட்டுரையாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். அதில் உன் பெயர் இருக்காது. நிற அளவுகளும் ஈரப்பதமும் திருவண்ணாமலையில் எடுக்கப்பட்டவை என்று ஒரு வரி இருக்கும். தெரிந்தே அளவை மறைத்தவரை ஆசிரியர் வரிசையில் வைக்க மாட்டேன். நானே மறைத்திருந்தால் நீயும் வைத்திருக்க மாட்டாய். தவறான சுருக்கத்தில் மட்டும் உன் பெயர் முதலில் இருக்கிறது. அதை அழிக்க என்னிடம் வழியில்லை.

இன்னொன்று. ஏழாவது நோட்டின் கடைசிப் பக்கங்களைப் படித்தபோது கோபம் எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. ஜீப்பும் கருவியும் ஆட்களும் வைத்துக்கொண்டு நான் காணாததை, ஒரு பால்டின்னையும் ரைஸ்மில் புகையையும் வைத்து நீ கண்டிருக்கிறாய். மூன்று வருடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் களி தின்றிருக்கிறாய்.

இந்தக் கோடையின் அளவும் சேர்ந்தால் கட்டுரை உறுதிப்படும் என்கிறார்கள். உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கவில்லை.

ரேணுகாம்பாள்

*

திருவண்ணாமலை
2-6-1984

ரேணு,

உன் கடிதத்தை அன்றே பிரித்தேன். பதில் எழுதத்தான் மூன்று மாதம் ஆயிற்று.

பெங்களூர்ப் புத்தகம் எங்கள் கல்லூரிக்கும் ஒரு பிரதி வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம். என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. தவறு என்று தெரிந்தும் இரண்டு முறை பார்த்தேன். சந்திரகலா அதை ஆசிரியர் அறைப் பலகையில் ஒட்டப் போனாள். வேண்டாம், அது தவறு, தவறுக்குக் காரணம் நான் என்று சொன்னேன். “விளையாடாதீங்க மேடம்” என்றாள். எல்லோரையும் உட்காரவைத்து முழுவதும் சொன்னேன். அதன்பின் யாரும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. உன் அண்ணனிடமும் சொன்னேன். அவர், “ரேணுவுக்கு இப்படிப் பண்ணிட்டீங்களே டீச்சர்” என்றார். அன்று உங்கள் வீட்டில் யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னார்கள்.

உன் கட்டுரை வரும். அதில் என் பெயர் இருக்காது. அது நியாயம். அதைப் பார்க்கும்போது எனக்கு எரியும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் இனி அது போகும் என்று நான் நம்பவில்லை.

நீ கேட்காத ஏப்ரல், மே அளவுகள் இத்துடன் வருகின்றன. அறுபத்தொரு நாள். காகிதத்தின் நிறம், ஈரப்பதம், காற்றுத் திசை எல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் உண்டு. ஊர்ப் பக்கக் காற்று இருபத்தாறு நாள். முடிவு முன்பு போலவேதான் இருக்கிறது.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒருமுறை மறைத்தவள் சொல்லும் எண் இது. மே முதல் தேதி சடையனிடம் இரண்டு வெப்பமானிகளும் ஒரு டின்னும் ஒரு கட்டுக் காகிதமும் கொடுத்து, தோப்பில் எனக்குத் தெரியாத ஓர் இடத்தில் வைக்கச் சொன்னேன். தினமும் அவரே போய் அளந்தார். அவர் மகள் எழுதிய தாள்களை நான் பார்க்கவில்லை. அவற்றை அவர் உனக்கு நேராகத் தபாலில் சேர்ப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒத்துப்போகாத நாட்களில் என்னுடையதை அடித்துவிடு.

பாகம்